எட்டு வீடு தள்ளி

தெருமுனையில் மகளின் நீலக் கார் திரும்புவதைப் பார்த்ததும் பெர்னடீன் குஸ்மா சட்டென்று புதருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அறுபத்து நான்கு வயதில் உட்காருவது சுலபம். எழுந்திருக்கத்தான் வீட்டுத் தரகன் பெரின் கை கொடுக்க வேண்டியிருந்தது.

பெரின் தொழிலுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஒளிந்து ஒளிந்து வீடு பார்க்கும் ஆளை அவன் இதுவரை சந்தித்ததில்லை. போலீஸ் விவகாரம் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"போலீஸெல்லாம் இல்லப்பா. என் பொண்ணு," என்றாள் பெர்னடீன், முழங்காலில் ஒட்டியிருந்த மேப்பிள் இலைகளைத் தட்டிவிட்டபடி.

மகள் ஜோலீன், கணவன் கிரெக், ஐந்து வயது மேபல் மூவரும் அதே லார்ச் தெருவில், எட்டு வீடு தள்ளி இருந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன், பெர்னடீன் இருக்கும் ஸ்க்ரான்டனிலிருந்து கிளம்பி இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்தவர்கள். காரில் ஐந்து மணி நேரம். முதல் வருடம், நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றி நாள் பண்டிகை விருந்துக்கு அம்மா வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வருடம் குழந்தைக்குச் சளி. அதற்கடுத்த வருடம் சாலையெல்லாம் பனி. போன வருடம் பனியே இல்லை. ஆனால் வரக்கூடும் என்று ரேடியோவில் சொன்னார்களாம்.

பெர்னடீன் முப்பத்தொரு வருடம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். பிரச்சினை என்று ஒன்று வந்தால் காரணத்தைக் கண்டுபிடித்து, யாரையும் கேட்காமல் தானே தீர்த்துவைத்துப் பழகியவள். தூரம்தான் காரணம் என்று கண்டுபிடித்தாள். தூரத்தை ஒழித்துவிடத் தீர்மானித்தாள்.

யாருக்கும் தெரியாமல் வீட்டை வாங்கி, பண்டிகைக்கு முன்னால் குடிவந்து, நன்றி நாளன்று காலையில் மகள் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று திட்டம். அதைக் கேட்ட பெரினுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் அம்மா தனக்காக ஒரு ஜன்னல் திரையைக்கூட மாற்றியதில்லை என்றான்.

அக்டோபர் மாதத்தில் அந்த வீடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேலே மேப்பிள் மரம் ஆரஞ்சு நிறத்தில் கவிந்திருந்தது. இலை உதிர்ந்த பிறகுதான் கூரை தெரிந்தது. வீட்டைப் பரிசோதிக்க வந்தவர் முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு பெர்னடீனைப் பார்த்தார். பேஸ்மென்ட்டில் தண்ணீர் கசிகிறது, புகைபோக்கி சாய்ந்திருக்கிறது, ஹீட்டருக்கு இந்தத் தரகனைவிட வயது அதிகம் என்றார். விற்பவரே சரிசெய்து தரவேண்டும் என்று கேட்டால் ஜனவரி ஆகிவிடும் என்றான் பெரின்.

"ஜனவரியில வீடு வாங்கி நான் யாருக்குக் காட்டறது?" என்று கேட்டுவிட்டு, இருந்தபடியே வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டாள்.

நவம்பர் முதல் வாரத்தில் சாவி கைக்கு வந்தது. முக்காடும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கி, ஹீட்டரைப் போட்டாள். அது ஒரு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் டிசம்பர் பத்துக்குப் பிறகு வருவதாகச் சொன்னார்கள். சரி, அதுவரை சமாளிக்கலாம் என்று நான்கு சின்ன மின்சார ஹீட்டர்களை வாங்கி நான்கு அறைகளிலும் வைத்தாள். நான்கும் சேர்ந்து ஃப்யூஸை எரித்தன. பேஸ்மென்ட்டில் கசிந்த தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்த மோட்டாரும் அதோடு நின்றது.

மின்சாரம் இல்லாவிட்டால் என்ன, கணப்பு இருக்கிறது என்று விறகை அடுக்கி மூட்டினாள். சாய்ந்த புகைபோக்கி புகையை வாங்கிக்கொள்ளவில்லை. கதவு, ஜன்னல், கூரை இடுக்கு என்று வீடே புகைந்தது. எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர். உடனே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணிவிட்டார்.

வண்டி மகள் வீட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். பெர்னடீன் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி ஒளிந்துகொண்டாள். கணுக்கால் வரை தண்ணீர். ஹெல்மெட்டோடு படியிறங்கி வந்த வீரர் அவளுக்கு அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தச் சைரனை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள் அவள்.

அவள் கெட்ட நேரம், அந்தச் சமயம் பார்த்து ஜோலீன் போன் பண்ணினாள். எடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள்.

"எங்கம்மா இருக்க?"

"வீட்லதான்டி." அதில் பொய் எதுவும் இல்லை.

"ஏதோ சைரன் சத்தம் கேக்குதே."

"எதிர்ல ஏதோ. அத விடு. நன்றி நாளைக்கு என்ன பண்றீங்க?"

இந்த வருடம் எங்கே இருப்போம் என்றே தெரியவில்லை, பிறகு சொல்கிறேன் என்றாள் ஜோலீன். பெர்னடீனுக்கு மனசு நிறைந்துவிட்டது. பாவம், விருந்துக்குக் கூப்பிட ஆளில்லாமல் தவிக்கிறாள் குழந்தை. ஈரக் காலோடு படியேறி வந்து, வான்கோழி எத்தனை கிலோவில் வாங்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

ஸ்க்ரான்டனுக்குத் திரும்பிப் போய்ச் சாமான் கட்டும்போது மகளுக்காகத் தனியாக ஒரு பெட்டி கட்டினாள். அலமாரித் தட்டுகளில் விரிக்கும் தாள், டப்பாக்களில் ஒட்டும் பெயர்ச்சீட்டு, அளவுக் கரண்டிகள். இரண்டு வருடத்துக்கு முன் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கியபோது ஜோலீனின் சமையலறையை முழுவதும் இறக்கி மறுபடி அடுக்கிக் கொடுத்திருந்தாள். கிரெக்கின் தொய்ந்துபோன சாய்வு நாற்காலியைத் தேவாலயத்துக்குத் தானம் பண்ணினாள். மேபலுக்குக் கண்ணில் விழுந்த முடியைத் தானே வெட்டிவிட்டாள். வேலையிலிருந்து திரும்பிய ஜோலீன் அதையெல்லாம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கண் கலங்கிப்போய் நின்றாள். பெற்றவளுக்கு நன்றியை வாய்விட்டா சொல்ல வேண்டும் என்று பெர்னடீன் அப்போது நினைத்துக்கொண்டாள்.

சாமான் வண்டி திங்கட்கிழமைக்கு ஏற்பாடாகியிருந்தது. அன்றைக்கு வாசலை மறித்துக் காரை நிறுத்த வேண்டாம் என்று எதிர்வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கமிருந்து இடுப்பளவு பனி கொட்டப்போகிறது என்று ரேடியோ சொன்னது. பெர்னடீன் மல்லுக்கட்டி அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினாள். ஒரே நாளில் பெரிய வண்டி கிடைக்கவில்லை. சாமான்கள் இரண்டு சின்ன லாரிகளில் கிளம்பின.

முதல் லாரி காலையிலேயே வந்துவிட்டது. சோபா வாசலில் நுழையவில்லை. ஜன்னல் வழியாக விடலாம் என்று சட்டத்தைக் கழற்றினார்கள். சோபா உள்ளே வந்தது, ஜன்னல் கண்ணாடி வெளியே போய் விழுந்தது. ஓட்டையை மெத்தை வைத்து அடைத்தார்கள். இனி படுக்க மெத்தை இல்லை. இரண்டாவது லாரி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனாலும் ஃப்யூஸ் மாற்றியதில் மின்சாரம் வந்திருந்தது, அடுப்பு எரிந்தது. பகல் மூன்று மணிக்கு, இலவங்கப்பட்டை மணக்க ஒரு ஆப்பிள் கேக்கைச் சுட்டு எடுத்துவிட்டாள். தன் அம்மா பண்டிகைக்குச் செய்யும் அதே கேக். ஆறவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு வியாழக்கிழமை வரை பொறுக்க முடியும் என்று தோன்றவில்லை. இந்த ஒரு மாதமாகக் குனிந்ததும் ஒளிந்ததும் நனைந்ததும் போதும். முக்காட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். உதட்டுக்குக் கொஞ்சம் சாயம் பூசிக்கொண்டாள். கேக்கை ஒரு துணியில் மூடி எடுத்துக்கொண்டு, முதல்முறையாகத் தெருவின் நடுவில் நிமிர்ந்து நடந்தாள்.

மகள் வீட்டு வாசலில் ஒரு லாரி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. இரண்டு ஆட்கள் வீட்டுக்கும் லாரிக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். காணாமல் போன இரண்டாவது லாரி இதுதான் என்று பெர்னடீனுக்குப் புரிந்துவிட்டது. வீட்டு எண்ணைத் தப்பாகப் படித்து, தன் சாமான்களையெல்லாம் கொண்டுவந்து மகள் தலையிலேயே இறக்குகிறார்கள். எல்லாம் பாழ்.

"இந்த வீடு இல்லப்பா. அங்க பாரு, எட்டு வீடு தள்ளி. எம்புட்டு இறக்கிட்டீங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

தாடி வைத்த ஆள் தோளில் ஒரு சின்ன சைக்கிளோடு நின்றான்.

"இறக்கலம்மா. ஏத்திக்கிட்டு இருக்கோம்."

அப்போதுதான் அவள் அந்தச் சைக்கிளைப் பார்த்தாள். இளஞ்சிவப்பு. பெர்னடீன் போன பிறந்தநாளுக்கு அனுப்பியது.

வீட்டுக்காரர்கள் எங்கே என்று கேட்டாள். நேற்றே விமானத்தில் கிளம்பிவிட்டார்கள் என்றான். எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு, அரிசோனா, இரண்டாயிரம் மைலுக்கு மேலே, போய்ச் சேர எங்களுக்கே நாலு நாள் ஆகும் என்று சலித்துக்கொண்டான்.

கேக்கின் சூடு துணியைத் தாண்டி அவள் உள்ளங்கையில் ஏறிக்கொண்டிருந்தது.

"பண்டிகை நேரத்துல யாராவது வீடு மாத்துவாங்களா?" என்றாள், என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே.

அவன் சைக்கிளை உள்ளே தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நானும் அதேதாம்மா கேட்டேன். அந்தப் பொண்ணோட அம்மா இதே தெருவுல வீடு வாங்கிட்டாங்களாம், திங்கக்கிழமை குடிவர்றாங்களாம்; அதுக்குள்ள ஒரு கரண்டிகூட மிச்சமில்லாம காலி பண்ணியாகணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு."