பதினொரு சதவீத வாய்ப்பு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, எங்கள் 'சேர்க்கை வாய்ப்புக் கணிப்பு மைய'த்தைக் கண்டுபிடித்தது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறை விஷயம் என்பது எங்கள் இயக்குநரின் கருத்து. எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்களுக்கு மையத்தில் நாற்காலியும் இல்லை.

முன்பெல்லாம் பிள்ளைகள் பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பயந்தார்கள். இப்போது பயந்துவிட்டு விண்ணப்பம் போடுகிறார்கள். பயத்தை ஓராண்டு முன்னுக்குக் கொண்டுவந்த பெருமை எங்களையே சேரும்.

நான் அங்கே முதுநிலைக் கணிப்பாளர். மாணவரை எதிரில் உட்காரவைத்து, நாற்பத்திரண்டு கேள்விகள் கேட்டு, இடம் கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் பக்கம் நகர்த்துவேன். அதைப் படித்ததும் அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வராது. அந்த மௌனத்தில்தான் எங்கள் மையம் மூன்று மாடியாக வளர்ந்தது.

ஒருநாள் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். அம்மா லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் ஸ்பேனர் பை தொங்கியது. நாற்காலியில் கறை பட்டுவிடும் என்று நுனியில் உட்கார்ந்தார்.

மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். கணிதத்தில் தொண்ணூற்றொன்பது, இயற்பியலில் தொண்ணூற்றெட்டு. எனக்குச் சலிப்பாக இருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடம் குறை கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கும்.

"ஞாயித்துக்கிழமையில என்னம்மா பண்ணுவே?" என்று தொடங்கினேன்.

"அம்மாகூட வேலைக்குப் போவேன் சார். நாலு வருஷமா போறேன்."

"பொழுதுபோக்காவா?"

"இல்ல சார். சில சாமானெல்லாம் ஒரு ஆளால தூக்க முடியாது. அதுக்காகப் போக ஆரம்பிச்சதுதான்."

பேனாவைக் கீழே வைத்தேன். எங்கள் துறையின் அடிப்படை விதியை அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. தேவைக்குச் செய்தால் அது வேலை. தேவையில்லாமல் செய்தால்தான் சேவை. சேவைக்கு விண்ணப்பத்தில் தனிக் கட்டம் உண்டு, வேலைக்குக் கிடையாது.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு சார். உள்ள ஆபரேஷனுக்குப் போற ஆளு. எனக்கு என்ன கோளாறுன்னே பிடிபடல. இவதான் கண்டுபிடிச்சா. அப்போ இவளுக்குப் பதினஞ்சு வயசு."

"சான்றிதழ் இருக்கா?"

"எதுக்கு சார்?"

"கண்டுபிடிச்சதுக்கு."

அம்மா யோசித்தார். "அந்த ஆளு உயிரோட இருக்காரு சார்."

"அது சான்றிதழ் ஆகாதும்மா," என்றேன் கனிவாக.

அடுத்தது தலைமைப் பண்பு. "நீ எதையாவது நிறுவியிருக்கியா?" என்று கேட்டேன்.

பெண்ணின் முகம் மலர்ந்தது. "ரெண்டு லிஃப்ட் நிறுவியிருக்கோம் சார்."

அமைப்பு, இயக்கம், பேரவை போன்றவற்றை நிறுவுவதைத்தான் கேட்டேன் என்று தெளிவுபடுத்தினேன். முகம் பழைய நிலைக்குத் திரும்பியது.

முப்பத்தெட்டாவது கேள்வி துயரம் பற்றியது. பல்கலைக்கழகம் துயரத்தை விரும்புகிறது, கட்டுரைக்கு நல்லது. "வாழ்க்கையில பெரிய சோகம் ஏதாவது?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். "அப்பா இல்ல சார். நான் மூணாவது படிக்கும்போது போயிட்டார்."

'சற்றுப் பழையது' என்று குறித்துக்கொண்டேன். "அதுக்கப்புறம் புதுசா ஏதாவது?"

"இல்ல சார்," என்று அம்மா பதில் சொன்னார். "அதோட போதும்னு இருக்கோம்."

கூட்டிக் கழித்து, பதினொன்று என்று எழுதி நகர்த்தினேன். அம்மா தாளைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். "நூத்துக்கா சார்?" என்று கேட்டார்.

"நூத்துக்குத்தான்."

எண்ணைச் சொல்லிவிட்டு ஆளைக் கைவிடுவது எங்கள் வழக்கமல்ல. எங்களிடம் 'வாய்ப்பு மேம்பாட்டுத் திட்டம்' இருக்கிறது. சேர்க்கைக்குக் கொஞ்சம் செயற்கை தேவைப்படும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணை 'புன்னகைப் படை' என்ற அமைப்பின் நிறுவனராக அறிவித்தோம். உறுப்பினர் அவள் ஒருத்தியே. முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பெரியவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும்.

இல்லத்து நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"இந்த மாசம் ஏற்கெனவே ஒம்பது நிறுவனர்கள் வந்துட்டாங்க சார்," என்றார் அவர். "எங்க பெரியவங்களுக்குச் சிரிச்சுச் சிரிச்சுத் தாடை வலி. அடுத்த வாரம் ஒருத்தர்தான் காலியா இருக்காரு. அவருக்கும் காது கேக்காது."

"காது கேக்காதுன்னா இன்னும் நல்லது," என்று சொல்லிப் பதிவு செய்துகொண்டேன்.

பெண் போனாள். திரும்பி வந்ததும் புகைப்படங்களைக் கேட்டேன்.

"எடுக்கல சார். அங்க லிஃப்ட் மூணு மாசமா ஓடல. மேல இருக்கிறவங்க யாரும் தோட்டத்துக்கு இறங்கினதே இல்லையாம். அதைத்தான் சரி பண்ணிட்டு இருந்தேன்."

"அப்போ ஒரு படம் எடுத்திருக்கலாமே."

"ரெண்டு கையிலயும் கிரீஸ் சார்."

"பெரியவர் சிரிச்சாரா?"

"கீழ இறங்கினதும் அழுதார் சார்."

எங்கள் படிவத்தில் அழுகைக்குக் கட்டம் இல்லை. நான் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்து அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பிறகு, "தப்பா நினைச்சுக்காதீங்க சார். இதெல்லாம் எனக்கு வரல. நான் செஞ்சதை நானே எழுதி அனுப்பிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். புன்னகைப் படை அன்றே கலைந்தது.

அந்த ஆண்டு பெரிய பல்கலைக்கழகத்துக்கு நாற்பதாயிரம் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. பேராசிரியர்கள் படித்து முடிக்க இன்னொரு ஆயுள் வேண்டும். ஆகவே முதற்கட்ட வடிகட்டலை வெளியாரிடம் ஒப்படைக்க முடிவெடுத்தார்கள். அந்தப் பொறுப்பு எங்கள் மையத்துக்கே வந்தது.

இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். ஐந்து பேர் பூங்கொத்து கொடுத்தோம். எனக்கு மட்டும் ஒரு சின்ன ஐயம்.

"சார், இதே பிள்ளைங்களுக்கு நாமதானே வாய்ப்பு இவ்வளவுன்னு சொன்னோம். இப்போ நாமளே வடிகட்டினா..."

"வடிகட்டினா என்ன?"

"இல்ல, கணிப்பு என்னாகும்னு..."

"துல்லியம் கூடும்," என்றார் இயக்குநர். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

என் மேஜைக்கு வந்த மூன்றாவது பெட்டியில் அந்தப் பெண்ணின் விண்ணப்பம் இருந்தது. கட்டுரை ஒன்றரைப் பக்கம்தான். நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்த நோயாளி மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இவள் கதவுக்கு வெளியே நின்று, அவருக்கு மணி சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கம்பியாகப் பார்த்திருக்கிறாள். கோளாறு சிக்கியபின் ஒருமுறை மட்டும், ஆபரேஷன் நேரம் தவறிவிட்டதென்று அவர் பதறாமலிருக்க, மணியை ஐந்து நிமிடம் குறைத்துச் சொன்னாளாம். 'அவருக்கு அது தேவைப்பட்டது' என்று எழுதியிருந்தாள். 'இயந்திரத்தைப் படிக்க ஆசைப்படுகிறேன். இயந்திரத்துக்குள் எப்போதும் யாரோ இருக்கிறார்கள்' என்று முடித்திருந்தாள்.

இரண்டாம் முறை படித்தேன். தேநீர் ஆறிப்போனது.

இயக்குநர் அந்தப் பக்கமாக வந்தார். "என்ன, ஒரே தாளைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க? இதுக்கு எத்தனை குடுத்திருந்தோம்?"

"பதினொண்ணு சார். ஆனா நல்லா இருக்கு."

"நல்லா இருக்கட்டும். இவ உள்ள போயிட்டா நம்ம கணிப்பு என்னாகும்?"

"பதினொண்ணுன்னா நூத்துல பதினோரு பேருக்குக் கிடைக்கலாம்தானே சார்."

"கிடைச்சுதுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு யாரு நம்ம நம்பரைப் பாத்துப் பயப்படுவாங்க?"

அவர் போய்விட்டார். வலப்பக்கம் 'பரிசீலனைக்கு' என்று ஓர் அடுக்கு இருந்தது. இடப்பக்கம் 'வருந்துகிறோம்' என்று ஓர் அடுக்கு. நான் இடப்பக்கம் வைத்தேன். கை நடுங்கவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். பயிற்சி பெற்ற கை.

இரண்டு மாதம் கழித்து லிஃப்ட் மெக்கானிக் அம்மா மறுபடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவரோ கும்பிட்டார்.

"பெரியவளுக்கு அன்னிக்கே சரியாச் சொன்னீங்க சார். நாங்கதான் கேக்கல."

"இப்ப என்ன பண்றா?"

"என்கூட முழுநேரமா வேலைக்கு வர்றா. வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. பேச்சுதான் குறைஞ்சுபோச்சு." பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணை முன்னால் நகர்த்தினார். "இவ ரெண்டாவது. அஞ்சாம் வகுப்பு. இவளுக்கும் இப்பவே பாத்துச் சொல்லிட்டீங்கன்னா, ஆசை காட்டிக் கெடுக்காம வளத்துடுவேன்."

இத்தகைய நம்பிக்கையை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. சின்னவளை உட்காரவைத்து நாற்பத்திரண்டு கேள்விகளையும் கேட்டேன். அவள் காலை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கெட்டிக்காரி. அக்காவைவிடவும் கெட்டிக்காரி என்று தோன்றியது.

ஒன்பது சதவீதம் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் விண்ணப்பம் போட இன்னும் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. கணிப்பு தப்பாது. நான் பார்த்துக்கொள்வேன்.