கழலாத பிளக்கும் கழற்றுகிறவரும்

பிளக் அசையவில்லை. அதைக் கவ்வித் திருகிய பானா அசைந்தது, பானாவைப் பிடித்திருந்த கை அசைந்தது, கையோடு சேர்ந்து தோளும் இடுப்பும் அசைந்தன, கடைசியில் ஸ்கூட்டரே ஒரு சாண் நகர்ந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர் டிரம்மில் முட்டியது. பிளக் மட்டும் அசையவில்லை.

“இளகிட்டு,” என்றார் மாசானம்.

இவரை உங்களுக்குத் தெரியும். ‘நானே கழற்றுகிறேன்’ என்ற இனத்தைச் சேர்ந்தவர். இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் தாராவியில் காண்பது விசேஷம். இங்கே எந்தச் சந்தில் நின்று கையை நீட்டினாலும் ஏதாவது ஒரு மெக்கானிக்கின் தோளில் படும். மாசானம் குந்தியிருந்த இடத்திலிருந்து அஃப்ஷாவின் கேரேஜுக்குப் பன்னிரண்டு எட்டு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவள் வேலையில்லாமல் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மாசானம் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மூன்று மணியிலிருந்து அப்படித்தான்.

விஷயம் சின்னதில்லை. மாசானம் இட்லி வியாபாரி. மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில், படிக்கட்டை ஒட்டி ஒரு தூண் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு அந்தத் தூணடி அவருடையது. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆறு வருஷமாக ஐந்தரைக்கு அங்கே நிற்கிறார், அவ்வளவுதான் பட்டா. ஒரு நாள் ஐந்தரைக்கு அவரைக் காணவில்லை என்றால் ஐந்து முப்பத்தைந்துக்கு அது இன்னொருவருடையது. வடாபாவ் விற்கிற ஒருவர் நான்கு மாதமாக எதிர்ப்பக்கம் நின்று, உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்கூட்டரோ ஒரு வாரமாக இருமுகிறது. பதினோரு உதை வாங்கிய பிறகுதான் கிளம்புகிறது. பிளக்கை மாற்றினால் சரியாகிவிடும். புது பிளக் சட்டைப் பையில் தயாராக இருந்தது. வீட்டுக்குள் மனைவி கனகவள்ளி முந்நூறு இட்லிக்கு மாவாட்டி முடித்திருந்தாள்.

“எதுத்தாப்புல அந்தப் புள்ள சும்மாதான இருக்கா. ஒரு வார்த்த கூப்பிட்டா என்னவாம்?” என்றாள் அவள் உள்ளிருந்து.

“ஒரு பிளக்குக்கா?”

இதுதான் இந்த இனத்தின் தேசிய கீதம். ஒரு பிளக்குக்கா? ஒரு நட்டுக்கா? ஒரு குழாய்க்கா? பிளக் கழலாததைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று மாசானத்துக்குத் தெரிந்திருந்தது. அது, அஃப்ஷா எழுந்து வந்து ஒரே திருகில் கழற்றிக் கையில் கொடுப்பது.

அப்போது பிரம்மநாயகம் வந்தார். மாடிவீட்டுக்காரர், தையல் பட்டறையில் வேலை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். அப்படி வருகிறவர்கள் உதவ வருவதில்லை, கருத்துச் சொல்ல வருகிறார்கள்.

“என்னவே, கழட்டுதீரா?”

“இல்ல, தாலாட்டுதேன்.”

“எந்தப் பக்கமா திருக்குதீரு?”

“இடப் பக்கம்.”

“அது நிமிந்து நிக்கவனுக்கு. நீரு குனிஞ்சில்லா இருக்கீரு. குனிஞ்சா இடம் வலமாயிரும்.”

மாசானம் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. அடுத்த அரைமணி நேரம், குனிந்தவருக்குரிய திசையில், பல்லைக் கடித்துக்கொண்டு, பிரம்மநாயகத்தின் கையும் சேர, அந்தப் பிளக்கை இன்னும் இறுக்கினார்கள்.

பிறகு தேங்காயெண்ணெய் வந்தது. அது பிளக்கைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. பித்தளைக் குடத்துக் களிம்பையே புளி எடுக்குமே என்றார் பிரம்மநாயகம். நாளைய சாம்பாருக்கு ஊறிக்கொண்டிருந்த புளியில் ஒரு கை போய்ப் பிளக்கில் அப்பப்பட்டது. கனகவள்ளி பாத்திரத்தை உள்ளே நகர்த்தி வைத்தாள். பிறகு, சூடு காட்டினால் எதுவும் இளகும் என்ற ஞானம் இருவருக்கும் ஒரே நேரத்தில் பிறந்தது. இட்லிக் கொப்பரையைக் கொதிக்கவைத்து வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். ஆவி சிதறாமலிருக்க ஸ்கூட்டரின் மேல் பூப்போட்ட போர்வையைப் போர்த்தினார்கள். சளிப் பிடித்த பிள்ளைக்குப் போல வண்டிக்கு வேது பிடித்தார்கள். போர்வைக்குள் இரண்டு ஆண்களும் ஒரு ஸ்கூட்டரும் வியர்த்தார்கள். சந்தில் போனவர்கள் நின்று, என்ன நோய் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

போர்வையை எடுத்தபோது அஃப்ஷா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. டீ தீர்ந்துவிட்டது, வந்துவிட்டாள். குனிந்து பிளக்கின் இடுக்கில் நகத்தால் சுரண்டினாள். நகத்தை மோந்து பார்த்தாள்.

“அண்ணாச்சி, இதென்ன சந்தனமா?”

மாசானம் தண்ணீர் டிரம்மைப் பார்த்தார்.

“ஆயுத பூசைக்கு வச்சது,” என்றாள் கனகவள்ளி.

“ஹேண்டிலுக்கு வச்சா போதாதா?”

“எல்லாவனும் ஹேண்டிலுக்குத்தான் வைக்கான்,” என்றார் மாசானம். “வண்டிக்கு உசுரு பிளக்குல்லா. உசுருக்கில்லா வைக்கணும்.”

நான்கு ஆயுத பூஜைகள். வருஷாவருஷம் மூடியைத் திறந்து, பிளக்கின் கழுத்தைச் சுற்றி இரண்டு விரலால் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மூடியை மூடியிருக்கிறார். வைத்த சந்தனத்தைத் துடைப்பது பாவம் என்பதால் பழையதன் மேலேயே புதியது. என்ஜின் சூடு அதைத் தினமும் சுட்டது. பிளக்குக்கும் என்ஜினுக்கும் நடுவில் பக்தி செங்கல்லாகி நின்றது.

“இனி யாரும் தொடாதீங்க,” என்றாள் அஃப்ஷா. “நான் ஒரு ஆயில் விட்டுட்டுப் போறேன், ராத்திரி பூரா ஊறட்டும். சுபே நாலு மணிக்கு எந்திச்சு வந்து நானே கழட்டித் தாரேன். நீங்க அஞ்சு மணிக்குக் கிளம்பிரலாம். டென்ஷன் நகோ, கவலப்படாதீங்க.”

“சரிம்மா,” என்றார் மாசானம்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். தூண் பிழைத்தது, இட்லி பிழைத்தது, சாம்பார்கூடப் பிழைத்தது. ஆனால் இந்த இனத்தில் ‘சரி’ என்பது ஒப்புதல் அல்ல, எதிராளி நகர்வதற்கான ஏற்பாடு. அவள் எண்ணெய் விட்டாள். பன்னிரண்டு எட்டும் நடந்தாள். ஷட்டரை இறக்கினாள். ஷட்டர் தரையைத் தொட்ட சத்தம் கேட்டதும் மாசானம் பானாவை எடுத்தார்.

“நாலு மணிக்கு எந்திச்சு வந்து அவ கழட்டணுமாம். ஒரு பிளக்குக்கா?”

“இப்பம் எண்ணெய் வேற போயிருக்கு,” என்றார் பிரம்மநாயகம். மாடிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயின் ஒரு துண்டை எடுத்து வந்து பானாவின் பிடியில் செருகினார். நீளமான பிடிக்குப் பலம் அதிகம். மாசானம் ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, குலதெய்வத்தை நினைத்து, தொங்கினார்.

டக்.

“இளகிட்டு.”

உண்மையிலேயே கையோடு வந்தது. வெள்ளையாக, சுத்தமாக, பாதி. திருகுமறை உள்ள மறுபாதி உள்ளேயே இருந்தது. மாசானம் கையிலிருந்த பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரம்மநாயகம் குழாய்த் துண்டை உருவி எடுத்துக்கொண்டார். தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று சொல்லவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் எந்த மாதத்திலிருந்து சொட்டுகிறது? பிளம்பரின் நம்பர் போனில் இருக்கும்போது, நூலைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி, ‘இனி சொட்டாது’ என்று அறிவித்தது யார்? அது போகட்டும். மாசானம் இறுக்கிக்கொண்டிருந்தபோது, படித்துக்கொண்டிருந்த உங்கள் வலது மணிக்கட்டு தானாக ஒருமுறை திரும்பியதே, எந்தப் பக்கம் திரும்பியது?

மறுநாள் திங்கட்கிழமை. விடியற்காலை நான்கு மணிக்கு வந்த அஃப்ஷா, உடைந்த பாதியை எடுக்கிற கருவி கடை திறந்த பிறகுதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். இட்லிப் பாத்திரங்களை ஸ்கூட்டரில் கட்டி, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே மாசானம் மாட்டுங்கா போனார். போய்ச் சேரும்போது மணி ஐந்து ஐம்பது. தூணடியில் வடாபாவ்காரர் நின்றிருந்தார். மாசானம் எதிர்ப்பக்கம் நின்றார். நூற்றுப் பத்து இட்லி விற்றது. மதியம் அஃப்ஷா நாற்பது நிமிஷத்தில் உள்ளே இருந்த பாதியை எடுத்தாள். மாசானம் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். புது பிளக்கை அவள் மாட்ட வந்தபோது, அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வண்டியை வீட்டு வாசலுக்குத் தள்ளி வந்தார். நான்கு மணிக்கு மாட்டினார். கழன்றுவிடக் கூடாது என்று முழு பலத்தையும் போட்டு இறுக்கினார்.