தள்ளு அண்ணாச்சியின் ரிவர்ஸ் கியர்

பெட்ரோலில் கார் ஓட்டுகிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தெருவையே வைத்துக் கார் ஓட்டியவர், எனக்குத் தெரிந்து, கோவில்பட்டி தள்ளு அண்ணாச்சி ஒருவர்தான்.

ஜின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், மகள் புனேயில். வீட்டில் அவரும் ஒரு பழைய வெள்ளைக் காரும் மட்டும். அந்தக் காரில் ரிவர்ஸ் கியரின் பல்சக்கரம் பல்லெல்லாம் கொட்டிக் கிடந்தது. அந்த மாடலையே நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டதால் மாற்றுச் சக்கரம் எந்தக் கடையிலும் இல்லை. எங்கள் தெருவோ முட்டுச்சந்து. சாயங்காலம் நேராக உள்ளே வந்து நிற்கும் காரை, காலை எட்டரைக்கு நாங்கள்தான் முன்னால் நின்று மெயின் ரோடு வரை பின்பக்கமாகத் தள்ளியாக வேண்டும்.

கதவைத் தட்டுவார். "தம்பி, ஆபீஸுக்குக் கெளம்பிட்டியளா? சும்மா ஒரு கை."

"மெயின் ரோட்டுலயே நிப்பாட்டினா என்ன அண்ணாச்சி?"

"வெயில்ல பெயிண்டு போயிரும்லா!"

பெயிண்ட் என்று அதில் மிச்சமிருந்தது வலதுபக்கக் கதவில் மட்டும்தான்.

எஞ்சின் சூடாகட்டும் என்று ஸ்டார்ட் செய்துகொண்டு உட்காருவார். பின்னால் பார்க்க வேண்டிய மனிதர், முன்கண்ணாடி வழியாக எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். "ஏட்டி செல்வி, மாமியாருக்குக் கண்ணு ஆப்பரேசன் முடிஞ்சிட்டா?" என்று எதிர்வீட்டுச் செல்வி அக்காவிடம் கேட்பார். பதில் முழுசாக வரும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார். நாற்பதடி தூரத்துக்கு இருபது நிமிடம் ஆகும். மழை பெய்துவிட்டால் கரிசல் மண் செருப்பில் அப்பி, மெயின் ரோட்டை அடையும்போது ஆளாளுக்கு ஒரு சாண் வளர்ந்திருப்போம்.

தள்ளி முடித்ததும் டிக்கியைத் திறந்து ஆளுக்கொரு கடம்பூர் போளி தருவார். தினமும் எங்கேதான் போகிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"கடம்பூருக்குத்தான். நாளைக்குத் தள்ளுதவங்களுக்குப் போளி வாங்கண்டாமா?"

ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகச் சிவப்பு மை கூடிக்கொண்டே போனது. பொறுக்க முடியாமல் நானே மெக்கானிக்கைப் பிடித்தேன். "எதுக்குத் தம்பி வீண் அலைச்சல்?" என்றார் அண்ணாச்சி. கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் லேத் பட்டறையில் ஒரு சக்கரம் செய்தோம். லேத்காரர் காலமெல்லாம் தீப்பெட்டி மெஷினுக்கே சக்கரம் செய்தவர். பழக்கதோஷத்தில் அதே அளவுக்குப் பல் வெட்டிவிட்டார். ரிவர்ஸ் போட்டதும் எழுந்த சத்தத்தில் அடுத்த தெரு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

பிறகுதான் பசுவந்தனைப் பக்கம் ஒருவர் தோட்டத்தில் அதே மாடல் கார் டயர் இல்லாமல் நிற்பதாகத் தகவல் வந்தது. மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தேன். உள்ளே சீட்டு முழுக்க ஆட்டுக்குட்டிகள்.

"கியர் பாக்ஸு என்ன, எஞ்சினையே தூக்கிட்டுப் போங்க," என்றார் தோட்டக்காரர். "கதவை மட்டும் தொட்டுராதீங்க, குட்டிக வெளிய வந்துரும்."

சக்கரத்தை மாட்டிய மறுநாள் கார் தானாகவே பின்னால் போனது. தெருவே கைதட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்விட்டது. மெயின் ரோட்டில் அண்ணாச்சி டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக நின்றிருந்ததை நான் பஸ்ஸுக்குள்ளிருந்துதான் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவர் காரை எடுக்கவேயில்லை. ஒன்பதாம் நாள் காலை எட்டரைக்குக் கதவு தட்டப்பட்டது.

"தம்பி, சக்கரம் திரும்பவும் போயிட்டு. சும்மா ஒரு கை."

மெக்கானிக்கை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். அன்று அகப்பட்டது நானும் செல்வி அக்காவும் மட்டும்தான். ஆனாலும் கார் பஞ்சு மாதிரி நகர்ந்தது. பாதி வழியில் சேற்றில் மாட்டிய செருப்பை எடுக்க நான் குனிந்தேன். அதே நேரம் செல்வி அக்கா முந்தானையைச் செருகக் கையை எடுத்தார். யாரும் தொடாத கார் தன்பாட்டுக்குப் பத்தடி பின்னால் போய், சட்டென்று நின்றது.

கண்ணாடிக்குள் அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கோ வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் தள்ளியும், இந்த மனிதர் எதற்காகக் கூப்பிடுகிறார் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

செல்வி அக்காதான் முதலில் வாய் திறந்தார். "என்ன சார் பாத்துட்டு நிக்குதீங்க? நாம தள்ளாம அண்ணாச்சி வண்டி எப்படிப் போகும்?"

இரண்டு பேரும் ஓடிப்போய்க் கையை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினோம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"தம்பி, மவனுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"

ஒன்று விடாமல் விவரமாகச் சொன்னேன். அன்று ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

போன வருடம் மாற்றலாகி ஈரோட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே எல்லாக் கார்களும் தாமாகவே பின்னால் போகின்றன. எட்டரை மணிக்கு என் கதவை யாரும் தட்டுவதில்லை. இரண்டு கையும் சும்மாதான் இருக்கிறது, அண்ணாச்சி.