எழுந்தால் நெட் போய்விடும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம், உங்கள் அத்தை நலம், சின்னவள் நலம், இன்டர்நெட் மட்டும் விட்டு விட்டு நலம். உங்கள் நலத்தையும் பெரியவள் நலத்தையும் போனிலேயே விசாரித்திருப்பேன். ஆனால் போன தடவை பேசும்போது என் கை கொஞ்சம் ஓய்ந்ததும் உங்கள் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. அதனால்தான் காகிதம். வலது கை இதை எழுதுகிறது, இடது கை மவுஸை ஆட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது வைஃபை டப்பா புகைந்து செத்ததும், "புது டப்பா எதுக்கு மாமா? இந்தப் பழைய கம்ப்யூட்டரே அந்த வேலையப் பார்க்கும்" என்று சொல்லி, வெளியிலிருந்து வரும் ஒயரை அதன் முதுகில் செருகி, கட்டைவிரல் அளவு ஒரு சாமானை முன்னால் குத்தி, வீடு முழுக்க நெட்டைப் பாயவிட்டுவிட்டுப் போனீர்கள். போகிற அவசரத்தில், "எல்லாரும் இது வழியாத்தான் போவாங்க மாமா, வெளிய ஒரே அட்ரஸ்தான் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொன்னீர்களே, அன்றோடு என் நிம்மதி போயிற்று. முப்பத்துநான்கு வருடம் தபால் பிரித்தவன் நான். மூன்று பேர் ஒரே விலாசத்திலிருந்து கேள்வி அனுப்புகிறார்கள், பதிலெல்லாம் அந்த ஒரே விலாசத்துக்கு வருகிறது, உறைமேல் யார் பெயரும் கிடையாது. அப்படியிருக்க உங்கள் அத்தை கேட்ட தையல் வீடியோ சின்னவளின் லேப்டாப்புக்குப் போகாமல் அத்தையிடமே எப்படிப் போய்ச் சேருகிறது? யார் எதைக் கேட்டார்கள் என்று இந்தக் கம்ப்யூட்டர் எந்த ஏட்டில் குறித்துவைக்கிறது? எங்கள் ஆபீசில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்போம். யோசித்து யோசித்துத் தலை கிறுகிறுக்கிறது, ஆனால் சுகமான கிறுகிறுப்பு.

துழாவியதில் உள்ளே யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் அகப்பட்டது. நம் வீட்டில் மூன்று போன், ஒரு லேப்டாப், ஆக நான்கு. பட்டியலிலோ ஐந்து. ஐந்தாவது யார் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். அத்தையைக் கேட்டால் சாவகாசமாகச் சொல்கிறாள்: "மாடி வீட்டுப் பல் டாக்டர்தாங்க. கேட்டாரு, குடுத்தேன். உங்க கடவாப் பல்லப் பிடுங்கினப்போ வலிச்சுதா? இல்லைல்ல? அப்புறம் என்ன?"

அது போகட்டும். வம்பு எங்கே என்றால், இந்தக் கம்ப்யூட்டர் தூங்குகிறது. பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை இருண்டுவிடும், வீடும் மாடியும் சேர்ந்து அவுட். முதல் வாரம் இது யாருக்கும் பிடிபடவில்லை. நான் அதில் சீட்டு விளையாடினால் நெட் ஓடுகிறது, எழுந்தால் நின்றுவிடுகிறது, எல்லாம் உங்க ராசி என்று அத்தை முடிவே கட்டிவிட்டாள். மின்விசிறி தலையை ஆட்டும்போது மவுஸும் ஆடட்டும் என்று நூல் கட்டிப் பார்த்தேன். மவுஸ் மேசையிலிருந்து குதித்து என் காபியில் விழுந்தது. இப்போ நான் கொஞ்சம் நகர்ந்தா போதும், உள்ளறையிலேருந்து "அப்பா, இருக்கீங்களா?", சமையலறையிலேருந்து "ஏங்க, உக்காருங்க!", மாடி ஜன்னல்லேருந்து "சார், எழுந்துட்டீங்களா சார்?" ஓய்வு பெற்று ரெண்டு வருஷமாச்சு மாப்பிள்ளை, வீட்ல இவன் இருக்கானா இல்லையான்னு ஒருத்தர் கேட்டதில்ல. இப்போ பாத்ரூம் போனாக்கூட மூணு பேர் தேடுறாங்க. பொய் சொல்வானேன், மனசு நிறையத்தான் செய்யுது.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேளுங்கள். சின்னவள் ஏழு மாதமாகக் காத்திருந்த வேலைக்கு நேர்முகம், லேப்டாப் வழியாகவே. நான் குளித்து, சட்டை மாற்றி, மவுஸைப் பிடித்து உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆட்டினேன். அப்புறம் என்ன ஆயிற்றென்று எனக்கே தெரியாது, கண் அசந்துவிட்டது. நான் அசந்த பத்தாவது நிமிடம் அதுவும் அசந்துவிட்டது. "அப்பா!" என்று ஒரு அலறல். பதறி ஆட்டினேன். திரும்ப இணைந்ததும் குழந்தை அவர்களிடம் சொல்கிறாள்: "சாரி சார், எங்கப்பா தூங்கிட்டாரு, அதான் நெட்டும் தூங்கிடுச்சு." அவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இரண்டாம் சுற்றுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து, இரவில் அதை அணைத்துவிட்டுப் படுப்பது தவிர, நான் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் எழுந்ததில்லை, குளியல் ஒன்பது நிமிடம். ஆகவே மாப்பிள்ளை, இது தூங்காமலிருக்க ஒரு வழி உடனே சொல்லவும். போன் போட்டாலும் சரி, கை ஓயாமல் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, நான் ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும்.

இப்படிக்கு,
நாற்காலியை விட்டு நகராத
மாமா

பின்குறிப்பு: இதை முடித்துவிட்டு உறை தேடப் போனேன். தபால் பிரித்தவன் வீட்டில் ஒரு உறை இல்லை! பீரோவைக் கவிழ்த்து ஒன்றைப் பிடிப்பதற்குள் அரை மணி நேரம். அலறியடித்து ஓடிவந்தால், திரை பளிச்சென்று எரிகிறது. யாரும் கத்தவில்லை. மறுபடி துழாவினேன். எத்தனை நிமிடத்தில் தூங்க வேண்டும் என்ற இடத்தில், 'ஒருபோதும் வேண்டாம்' என்று குறித்திருக்கிறது. அதை மாற்றும் கடவுச்சொல் சின்னவளுக்கு மட்டும்தான் தெரியும், மாற்றிய நாள் போன செவ்வாய்க்கிழமை. அதற்கப்புறமும் தினம் காலையில் கூப்பிடுகிறாளே, அது எதற்கு? எதையும் துருவிக் கேட்காமல் விடாதவன் நான், இதை மட்டும் கேட்கவில்லை. நீங்களும் வழி ஒன்றும் சொல்ல வேண்டாம். யார் கேட்டாலும், மாமா உட்கார்ந்தால்தான் ஓடும் என்றே சொல்லுங்கள். இதோ, உள்ளறையிலிருந்து குரல் வருகிறது: "அப்பா, இருக்கீங்களா?" இருக்கேன்மா என்று கத்திவிட்டுத்தான் உறையை ஒட்டுகிறேன்.