ஏழின் குறுக்கே ஒரு கோடு

"சுப்பம்மாவக் கொஞ்சம் கூப்பிட்டு விடுங்க. முகாம்ல நாலாவது வரிசை, பதினெட்டாம் கொட்டில். பத்து நிமிசத்துல திரும்ப எடுக்கிறேன்."

டக். வைத்துவிட்டான்.

சிற்றம்பலம் ரிசீவரைக் காதில் பிடித்தபடி நின்றார். 'பிழையான நம்பர்' என்ற இரண்டு சொற்களைத் தொண்டைவரை கொண்டுவந்திருந்தார். அவற்றை வெளியே விட அவன் இடம் தரவில்லை.

குசினிக்குள் இருந்து சிவனேஸ்வரி ஓடிவந்தாள். கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது.

"அனோவோ?"

"இல்லை. சுப்பம்மாவாம்."

"எந்தச் சுப்பம்மா?"

"எனக்கென்னெண்டு தெரியும்? பதினெட்டாம் கொட்டிலாம்."

சிவனேஸ்வரியின் முகம் விழுந்தது. அன்று காலையில் அது ஐந்தாவது தடவை. ஒவ்வொரு மணிக்கும் அவள் உயிர் ஒருமுறை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. சிற்றம்பலத்துக்கும் அப்படித்தான், ஆனால் அவர் அதைக் கோபமாக மாற்றி வைத்திருந்தார்.

மகன் அனோஜன் ஏஜென்சி மூலம் வெளிநாட்டுக்குப் புறப்பட்டு முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டது. கடைசியாக மொஸ்கோவில் நிற்கிறான் என்று கேள்வி. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. சண்டையால் கண்டாவளையில் வீட்டையும் வயலையும் விட்டு வவுனியாவுக்கு வந்து நாலு வருடம். அதிலே இந்த முப்பத்தைந்து நாள்தான் நீளம் கூடியது.

டெலிபோன் வீட்டுக்கு வந்ததே மகன் போய் இருபத்தாறாம் நாள். வந்த அன்றே கொழும்பில் இருக்கும் ஏஜென்சிக்காரர் தவராசாவுக்கு நம்பரை ஒரு கடதாசியில் எழுதி, தெரிந்த ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். அந்தக் கடதாசியையே பையனிடம் சேர்ப்பதாகத் தவராசா வாக்குக் கொடுத்தார். சிற்றம்பலம் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியப் பொறுப்பாளர். அவர் எழுத்தை ஊரே மெச்சும். ஒன்று என்ற வெறும் இலக்கத்தைக்கூட மொட்டைத் தடியாக விடமாட்டார். தலையில் சாய்வாக ஒரு தொப்பி வைத்துத்தான் விடுவார்.

சிற்றம்பலம் கொழும்புக்குப் போன் எடுத்தபோது தவராசா இரண்டு விடயம் சொல்லியிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை காலமையிலதான் பெடியளைக் கதைக்க விடுவினம், லைனை ஃப்றீயா வச்சிருங்கோ. மற்றது, பெடியன் வழியில நிக்கிறான் எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ. வெளியில தெரிஞ்சால் எல்லாம் குழம்பிப்போயிடும்."

அதன்படி சிற்றம்பலம் மூச்சு விடவில்லை. லைன்தான் ஃப்றீயாக இருக்கவில்லை.

மீண்டும் மணி அடித்தது. சரியாகப் பத்து நிமிடம்.

"எங்க அம்மா? கூப்பிட்டீங்களா இல்லியா? வாற கோலுக்கும் காசு வாங்குறீங்கல்ல?"

"தம்பி, இது கொமினிக்கேசன் கடை இல்லை! வீடு!"

"அப்ப வீட்டுல யாராச்சும் ஓடிப்போய்க் கூப்பிட்டு விடுங்க. ஜெர்மன்ல இருந்து எடுக்கிறேன்ல! இன்னும் பத்து நிமிசத்துல வாறேன்."

டக்.

இவன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் தன் பிள்ளை எந்த இடைவெளியில் வருவான்? சிற்றம்பலம் யோசித்தார். சுப்பம்மாவை ஒருமுறை பேச வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று பட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அகதி முகாமுக்குப் போய், பதினெட்டாம் கொட்டிலைத் தேடி, கிழவியைக் கரியரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

சுப்பம்மா நாற்பது நிமிடம் பேசினாள். ஆடு குட்டி போட்டது முதல் நிவாரணப் பருப்பில் வண்டு இருந்தது வரை ஒன்றும் விடவில்லை. அந்த நாற்பது நிமிடமும் சிவனேஸ்வரி டெலிபோனையே பார்த்துக்கொண்டு கதவோடு சாய்ந்து நின்றாள்.

பேசி முடித்துவிட்டு சுப்பம்மா முந்தானையை அவிழ்த்தாள்.

"எவ்வளவுங்க?"

"ஒண்டும் வேண்டாம் அம்மா. நீங்கள் போங்கோ. போனாலே போதும்."

சுப்பம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் சாமி. எம் மக்கள் எல்லார்கிட்டயும் சொல்லுறேன்."

அவள் சொன்ன சொல் தவறாதவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சிற்றம்பலம் கதவைத் திறந்தபோது முற்றத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவர் பாய் கொண்டுவந்திருந்தார்.

"இவருதான் காசு வாங்காத ஐயா," என்று சுப்பம்மா அறிமுகம் செய்துவைத்தாள்.

அன்று மணி ஓயவில்லை. பாரிசில் இருந்து ஒருத்தி, சுவிசில் இருந்து ஒருவன், பிறகு மறுபடியும் பாரிஸ். உண்மைக் காரணத்தைச் சொல்லித் துரத்தவும் வழியில்லை. தவராசா வாயைக் கட்டிப்போட்டிருந்தார். "மனுசிக்குத் தலையிடி" என்று சொல்லிப் பார்த்தார். பதினோரு பேரும் சிவனேஸ்வரிக்குக் கைமருந்து சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் நொச்சி இலை பறித்து வரவே போய்விட்டார்.

மத்தியானம் கடைசி ஆள் போனபின் சிவனேஸ்வரி கதிரையில் இருந்து அழுதாள்.

"இந்த நேரத்துக்கை பிள்ளை எத்தினை தரம் எடுத்துப் பார்த்தானோ. லைன் கிடைக்கேல்லை எண்டு விட்டிட்டானோ. அவங்கள் திரும்ப விடுவாங்களோ?"

சிற்றம்பலத்தால் அதைத் தாங்க முடியவில்லை. நோயின் வேரைப் பிடுங்குவது என்று முடிவுசெய்து, அடுத்த நாளே கொமினிக்கேசனுக்குப் போனார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், காசுக்குப் போன் பேச விடும் அந்தக் கடையில் ஜெயரூபினி என்ற பெண் மேசைக்குப் பின்னால் இருந்தாள். நல்ல பிள்ளை. அவர் சத்தம் போட்டதை எல்லாம் கேட்டுவிட்டு, அமைதியாகச் சொன்னாள்:

"ஐயா, உங்கட நம்பரும் எங்கட நம்பரும் ஒண்டுதான். கடைசி இலக்கம்தான் வேற. உங்களுக்கு ஒண்டு, எங்களுக்கு ஏழு."

"அதுக்கு? ஒண்டையும் ஏழையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதவங்களோ வெளிநாட்டில இருக்கிறாங்கள்?"

"அவை அங்க ஏழுக்கு நடுவில ஒரு கோடு போடுவினமாம் ஐயா. எங்கட சனம் போர்டைப் பார்த்து கோடில்லாமல் காயிதத்தில எழுதி அனுப்புதுகள். கோடில்லாட்டி அவைக்கு அது ஒண்டு."

சிற்றம்பலம் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு இலக்கத்தை ஒழுங்காக எழுதத் தெரியாத சனத்தால்தானே இவ்வளவும்!

"அப்ப போர்டில கோட்டைப் போடுங்கோ. இண்டைக்கே!"

"ஓம் ஐயா, போடுறன். என்ன செய்யிறது, எங்களுக்கும்தான் பிழையான கோல் வருது. பாவங்கள், தூரத்தில இருந்து எடுக்குதுகள் எண்டு ரெண்டு வார்த்தை விசாரிச்சுத்தான் வைக்கிறனான்."

சிற்றம்பலம் மேசையில் கையை ஊன்றினார்.

"விசாரிக்கவே கூடாது பிள்ளை! அங்கதான் பிழை விடுறியள். நான் சுப்பம்மாவை விசாரிச்சு, இப்ப முற்றத்தில பாய் விரிச்சுக் கிடக்குதுகள். உங்கட ஆக்கள் இல்லையெண்டு தெரிஞ்சால், 'பிழையான நம்பர்' எண்டு சொல்லி டக்கெண்டு வையுங்கோ. மற்றப்பக்கம் வாய் திறக்க விடக்கூடாது. அழுதாலும் விடக்கூடாது. நாலு தரம் வைச்சால் அஞ்சாம் தரம் தானா நிப்பாட்டுவாங்கள்."

"அழுதாலுமோ ஐயா?"

"அழுதால் முதல்ல வையுங்கோ."

ஜெயரூபினி தலையாட்டினாள். சிற்றம்பலம் இரண்டு வேலையை ஒன்றாக முடித்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தார். அன்று பின்னேரமே போர்டில் ஏழின் நடுவே சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு விழுந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு வந்தது. முற்றத்தில் இருபத்தாறு பேர்.

சிற்றம்பலம் வாசலுக்கு ஓடினார். "என்ன இது? உங்களுக்குத்தான் கொமினிக்கேசன் இருக்குதே!"

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து பணிவோடு விளக்கினார்.

"அங்க நம்பரை வெட்டிப்போட்டாங்கள் ஐயா. நாங்கள் கண்ணால கண்டம். ஏழுக்கு மேல சிவப்புக் கோடு. பிழையெண்டுதானே பள்ளிக்கூடத்தில வெட்டுறது? அப்ப சரியானது உங்கட ஒண்டுதான் எண்டு எல்லாருக்கும் எழுதிப்போட்டம்."

சிற்றம்பலம் தானே வலியக் கேட்டு வாங்கிய கோடு அது. கடைசியில், "போன் பழுது!" என்று கத்தினார். உள்ளே அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. இருபத்தாறு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் தன்னுடைய முறையைத் தானே கையில் எடுத்தார். டெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டார். மணி அடிக்கும், எடுப்பார், "பிழையான நம்பர்", டக். மணி அடிக்கும், "பிழையான நம்பர்", டக். காசு வாங்காத ஐயாவுக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று முற்றம் முணுமுணுத்துக்கொண்டு மெல்லக் கலைந்தது.

"இஞ்சாருங்கோ, இந்த வேகத்தில வைச்சால் அனோ எடுத்தாலும் உப்பிடித்தானே வைப்பியள்?" என்றாள் சிவனேஸ்வரி.

"அவன் எடுத்தால் முதல் சொல்லே 'அப்பா' எண்டுதான் வரும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதோ?"

அடுத்த மணி அடித்தது. எடுத்தார். இரைச்சல் மட்டும் வந்தது. அடைமழை பெய்வது போன்ற இரைச்சல். அதற்குள்ளே எங்கோ ஒரு குரல், சொல்லாக வராமல். கை பழக்கத்தில் வைத்துவிட்டது.

"ஆர்?"

"ஒருத்தருமில்லை."

"ஒருத்தருமில்லாட்டி ஆரப்பா எடுத்தது?"

அந்தக் குரல் சிற்றம்பலத்தின் காதுக்குள்ளேயே இருந்தது. திங்கட்கிழமை தவராசாவைப் பிடித்துக் கேட்டார்.

"பெடியன் எடுக்கேல்லையோ? எல்லாரும் ஞாயிற்றுக்கிழமையில வீட்டுக்குக் கதைக்கினமெண்டு அங்கயிருந்து சொன்னவங்கள்."

"எடுக்கேல்லைத் தம்பி! ஒரு நாளும் எடுக்கேல்லை!"

"அப்ப... விசாரிச்சுச் சொல்லுறன் அண்ணை," என்றார் தவராசா. அந்த 'அப்ப'வுக்கும் 'விசாரிச்சு'வுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் சிற்றம்பலத்துக்கு வியர்த்துவிட்டது. அந்த வாரம் முழுக்க சிவனேஸ்வரி அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு சாமிப் படத்துக்கு முன்னால் போய் இருந்துகொள்வாள். அவருக்கும் சோறு இறங்கவில்லை. எல்லைகளில் பனிக்குள் நடக்கவிடும் கதைகளை அவரும் கேட்டிருந்தார். மகனிடம் ஒரு நல்ல சப்பாத்துக்கூட இல்லை.

நாலாவது ஞாயிறு முற்றம் மறுபடியும் நிறைந்தது. காலை ஒன்பதரைக்குள் பதினேழு கோல் வந்துவிட்டது. பதினேழும் சுப்பம்மாவின் ஆட்கள். பதினெட்டாவதை வைத்த கையோடு சிற்றம்பலம் சட்டையை மாட்டினார்.

"நீ இதில இரு. 'அம்மா' எண்டு சொல்லுறவனைத் தவிர ஒருத்தனையும் கதைக்க விடாதை. நான் போய் அந்தக் கோட்டை என்ர கையால அழிச்சுப்போட்டு வாறன்."

வெயிலுக்குள் சைக்கிளை மிதித்து, கடை வாசலில் ஸ்டாண்ட்கூடப் போடாமல் சுவரில் சாத்திவிட்டு உள்ளே பாய்ந்தார். கடையில் ஒரு சனமும் இல்லை. எப்படி இருக்கும், எல்லாம் அவர் வீட்டு முற்றத்தில் அல்லவா இருந்தது! ஜெயரூபினி தனியாக இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, அந்தக் கோட்டை அழி! இப்பவே அழி!"

"ஐயா, கோடு போடச் சொன்னது நீங்கள்தானே?"

"நான்தான்! எனக்கு அறிவில்லை! உங்களுக்கு ஏவாரம் போச்சு, எனக்கு..." அவர் நிறுத்திக்கொண்டார். எனக்கு மகன் போயிட்டான் என்று வாய் வரை வந்ததை, தவராசாவின் எச்சரிக்கையை நினைத்து விழுங்கினார். மேசைக்கு முன்னால் கிடந்த வாங்குப் பலகையில் அப்படியே இருந்துவிட்டார்.

ஜெயரூபினி பதறிப்போனாள். கிளாசில் தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள்.

"கோவிக்காதேங்கோ ஐயா, பெயின்ட் அழிக்கிறது பெரிய வேலையோ? பின்னேரத்துக்குள்ள அழிச்சுப்போடுறன். கோடு பிழைச்சால் என்ன, நீங்கள் சொன்ன மற்ற யோசனை அந்தமாதிரி நல்லா வேலை செய்யுது."

"எந்த யோசனை?" என்றார் சிற்றம்பலம், தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

மேசையில் டெலிபோன் அடித்தது. ஜெயரூபினி சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ரிசீவரைத் தூக்கி, அதன் வாயைப் பொத்திப் பிடித்தபடி அவரிடம் நீட்டினாள்.

"இவன்தான் ஐயா, ஞாயிற்றுக்கிழமை பத்து மணியெண்டால் தவறமாட்டான், 'அப்பா, நான் அனோ கதைக்கிறன்' எண்டு தொடங்குவான், பிழையான நம்பர் எண்டால் 'இல்லை, அப்பான்ர கையெழுத்தில ஏழெண்டுதான் கிடக்கு' எண்டு அழுவான், நானும் நீங்கள் சொன்ன மாதிரியே டக்கெண்டு வைச்சிடுறனான், இண்டைக்கு நீங்களே ஒருக்கா நல்லா ஏசிவிடுங்கோ!"