அச்சண்ணையின் சிங்கம்

மொன்றியல் நகரத்தில் அச்சண்ணை அச்செடுக்காமல் தப்பிய ஒரே பொருள் சென்ட் லோரன்ஸ் ஆறு. அது ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால் தப்பியது. மாரிக் குளிரில் அது உறைந்து நின்றபோது, கரையோரம் காரை நிறுத்திவிட்டு அண்ணை அதை ஒரு மாதிரியாகப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் முற்பகுதியில் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கீழ்மாடியும் பேஸ்மென்டும் அச்சண்ணைக்கும் அவர் மனைவி ராணி அக்காவுக்கும். அவருடைய உண்மையான பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். கிழமை நாட்களில் வீட்டுக் கூரைகளுக்கு அலங்கார வேலைப்பாடுகள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் அச்செடுப்பார். சனி, ஞாயிறில் ஓய்வு. ஓய்வு என்றால், பேஸ்மென்டில் தன் சொந்தச் செலவில் அச்செடுப்பார்.

அவருடைய தெய்வத்தின் பெயர் யூரித்தேன். இரண்டு வாளிகளில் இரண்டு திரவமாக வரும். சரியாக அளந்து, கலந்து, ஒரு பொருளின் மேல் ஊற்றினால் மறுநாள் றப்பராகிவிடும். அதை உரித்தெடுத்தால் பொருளின் ஒவ்வொரு கோடும் உள்ளே குழியாகப் பதிந்திருக்கும். அந்தக் குழிக்குள் சீமெந்தையோ பிளாஸ்டரையோ ஊற்றினால் அதே பொருள் இன்னொன்று கிடைக்கும். றப்பர் என்பதால் எவ்வளவு வளைவு நெளிவு இருந்தாலும் காலுறையைக் கழற்றுவதுபோலச் சுருட்டிக் கழற்றிவிடலாம்.

ஒருநாள் தேத்தண்ணியோடு பேகல் என்ற வளைய ரொட்டி ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார். எள்ளுக்கூட ஒட்டியிருந்தது. கடித்தேன். அன்றைக்கு என் பல் வைத்தியருக்கு நல்ல வியாபாரம்.

"தம்பி, நம்பிக் கடிச்சனீ எல்லே? அப்ப அச்சு சரி" என்று சந்தோசமாகத் தோளில் தட்டினார்.

யூரித்தேனைக் கலக்கத் தொடங்கினால் கால் மணித்தியாலத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். பிந்தினால் வாளிக்குள்ளேயே இறுகிவிடும். அந்தக் கால் மணித்தியாலத்தில் உலகம் அழிந்தாலும் அண்ணை திரும்பிப் பார்க்கமாட்டார். ஒருமுறை பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்து பேஸ்மென்ட் படியில் நின்றார். அண்ணை தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஃபாதர், மேல போய் யேசுவோட கொஞ்சம் கதைச்சுக்கொண்டிருங்கோ. பேந்து வாறன்."

இந்தத் தெய்வத்துக்கு ஈரம் ஆகாது. காற்றில் ஈரம் இருந்தால் றப்பருக்குள் குமிழி குமிழியாக வந்துவிடும். எனவே அச்சூற்றும் நாளில் கீழ்வீட்டில் புட்டுக்குத் தடை. இடியப்பத்துக்கும் தடை. ஆவி எழும்பும் எந்தச் சாப்பாட்டுக்கும் தடை.

"என்ர வீட்டில புட்டவிக்கிறதுக்கு நான் இவரிட்டை விசா எடுக்கவேண்டிக் கிடக்கு" என்று ராணி அக்கா மேலே வந்து எங்கள் குசினியில் அவிப்பார். ஒருமுறை அண்ணை அக்காவின் மர அகப்பையால் யூரித்தேனைக் கலக்கிவிட்டார். அச்சு முழுக்கக் குமிழி.

"உன்ர அகப்பைக்குள்ள கலியாண நாளில இருந்து குழம்பு ஊறிக்கிடக்கு. அந்த ஈரம்தான்" என்றார் அண்ணை.

"அகப்பையைத் தாங்கோ, உங்கட மண்டையில எவ்வளவு ஈரம் எண்டு தட்டிப் பாப்பம்" என்றார் அக்கா.

இன்னொரு விதியும் உண்டு. யூரித்தேனை ஊற்றுமுன் பொருளின் மேல் ஒட்டாமல் இருக்க ஒரு மருந்து அடிக்க வேண்டும். மறந்தால் றப்பர் பொருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாகும்வரை விடாது. ராணி அக்காவின் தம்பி லண்டனிலிருந்து அனுப்பிய பீங்கான் அன்னத்துக்கு அண்ணை அதை மறந்துவிட்டார். அன்னம் ஒரு றப்பர்க் கட்டிக்குள் சமாதியானது. அக்கட்டி பேஸ்மென்ட் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. தம்பி நேரில் வந்து, "அக்கா, அந்த அன்னம் எங்கை?" என்று கேட்டபோது அண்ணைதான் பதில் சொன்னார்: "மச்சான், அதுக்கு ஒரு கீறல் விழாமல் வைச்சிருக்கிறன்."

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பயந்த பிறவி. படித்த படிப்பெல்லாம் எனக்குப் புதுப்புது ஆபத்துகளைக் கற்பனை செய்யத்தான் உதவியது. மகள் ஜெனி நடக்கத் தொடங்கியபோது மேசை மூலைகளில் எல்லாம் பழந்துணி சுற்றி வைத்தேன். அதைக் கண்ட அண்ணை அடுத்த ஞாயிறு ஒரு பை நிறைய றப்பர் மூலைகள் வார்த்துக் கொண்டுவந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் மூலை என்று ஒன்று இருக்கவில்லை. மகள் மேசையில் மோதினால் மேசை அவளைத் திருப்பி அனுப்பியது.

அவளுக்கு ஏழு வயதான மாரியில்தான் சிங்கம் வந்தது.

கர்க்லாண்டில் புதுவீடு கட்டிய தமிழ்நாட்டு டொக்டர் ஒருவர், வாசல் தூண்களில் வைக்க இரண்டு சிங்கத்தலை கேட்டிருந்தார். அதுவரை அண்ணை அச்செடுத்ததெல்லாம் வேறு யாரோ செய்த உருவங்கள். அவர் தன் கையாலேயே செய்த ஒன்று ஒரு வீட்டு வாசலில் நிற்கப்போவது இதுதான் முதல் தடவை. மாரி முழுவதும் களிமண்ணைப் பிசைந்தார். பிடரி மயிரைப் பழைய சீப்பால் இழுத்தார். உறுமல் சரியாக வரவில்லையென்று கண்ணாடிக்கு முன்னால் நின்று உறுமிப் பார்த்தார். கீழேயிருந்து சத்தம் வரும்போதெல்லாம் என் மனைவி, "அண்ணை வேலை செய்யிறார்" என்பாள்.

பங்குனியில் அச்சு ஊற்றினார். மறுநாள் உரித்தபோது களிமண் சிங்கம் துண்டு துண்டாகப் போனது. அது வழக்கம்தான். அதன்பிறகு அந்தச் சிங்கம் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அச்சின் உட்பக்கம். அந்த அச்சை நகம் வளர்த்த ஒருவரும் தொடக்கூடாதென்று உத்தரவு போட்டார்.

அடுத்த சனிக்கிழமை முதல் சிங்கம் வார்க்க ஏற்பாடு. வான் வண்டியிலிருந்து சீமெந்து மூட்டையை இறக்கக் கைகொடுக்க நான் போனேன். ஜெனியும் வந்தாள். "ஒண்டையும் தொடாமல் இதில நில்லு" என்று அவளை பேஸ்மென்டில் விட்டுவிட்டு மூட்டையைத் தூக்கப் போனோம். திரும்பி வந்தபோது என் மகளுக்குத் தலை இல்லை. கழுத்துக்கு மேலே பெரிய மஞ்சள் றப்பர் உருண்டை ஒன்று இருந்தது.

குளிர்த்தொப்பியை இழுத்து மாட்டுவதுபோல அச்சை மாட்டியிருக்கிறாள். அதன் வாய் ஒடுக்கம், உள்ளே அகலம். றப்பர் விரிந்து தலையை உள்ளே விட்டுவிட்டுத் திரும்ப நாடிக்குக் கீழே கழுத்தில் சுருங்கிக்கொண்டது.

உள்ளேயிருந்து கிணற்றுக் குரல் வந்தது. "அப்பா, இஞ்ச இருட்டு."

நான் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். குரல் நின்றுவிட்டது.

"இழுக்காதை!" அண்ணை என்னைத் தள்ளிவிட்டார். "இழுத்தா காத்தெல்லாம் போய் முகத்தோட ஒட்டும்!"

"அண்ணை, மூச்சு... மூச்சு..." எனக்கு அதற்குமேல் தமிழ் வரவில்லை. வேறு மொழிகளும் வரவில்லை. ராணி அக்கா படியில் நின்று புனித அந்தோனியாரைப் பெயர் சொல்லி அதட்டிக் கூப்பிட்டார்.

"வெட்டுங்கோ அண்ணை" என்று கெஞ்ச வாயைத் திறந்தேன். அந்த மனிதர் தன் மாரி முழுவதையும் அதற்குள் ஊற்றி வைத்திருக்கிறார் என்பது அந்த நேரத்திலும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கெஞ்சத் தேவைப்படவில்லை. கத்தி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

கழுத்துப் பக்கமாக ஒரு சில்வர் கரண்டியை மெதுவாக உள்ளே விட்டு மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வெளியேயிருந்து சிங்கத்தின் மூக்கில் ஒரு ஓட்டை போட்டார். பிறகு அந்த ஓட்டைக்குள் பார்த்துக் கதைத்தார். அவ்வளவு மெதுவாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

"பிள்ளை, நீ இப்ப சிங்கம். ஒருக்கா உறுமு பாப்பம்."

"ர்ர்..."

"சீ, இது பூனை. நல்லா மூச்சை இழுத்துப்போட்டு உறுமு."

"ர்ர்ர்ர்!"

"அது! விடாமல் உறுமு. தம்பி, நீயும் உறுமு, பிள்ளை தனிய நிக்குது."

நானும் உறுமினேன். அக்காவும் அந்தோனியாரை விட்டுவிட்டு உறுமினார். மூன்று பேரும் உறுமிக்கொண்டிருக்க, அண்ணை கரண்டியைக் கன்னத்தோரம் நகர்த்தி நகர்த்தி, அதன் மேலே றப்பரைக் கழுத்துவரை வெட்டிப் பிளந்தார். சிவந்த முகம் ஒன்று வெளியே வந்தது. தலைமயிர் நாலு பக்கமும் நின்றது. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஆன்கோர்!" என்றாள் ஜெனி பிரெஞ்சில். இன்னொருக்கா வேண்டுமாம்.

நான் சீமெந்து மூட்டையின் மேல் இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், மனதளவில் இன்னும் முழுதாக எழும்பவில்லை. வளர்ந்த பெண்ணாகிவிட்ட பிறகும் அவள் சுவெட்டர் மாட்டும்போது, கழுத்துக்குள்ளால் தலை வெளியே வரும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

அண்ணை வெட்டிய அச்சைப் பார்க்கக்கூட இல்லை. "பிள்ளைக்குத் தண்ணி குடு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கத்தியைத் துடைத்தார்.

டொக்டரின் கிரகப்பிரவேசத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. இன்னொரு சிங்கம் செய்ய நேரமில்லை. வெட்டிய அச்சை, றப்பர் நெளியாமல் தாங்கும் பிளாஸ்டர்க் கூட்டுக்குள் வைத்து இறுக்கி, மூக்கு ஓட்டையைக் களிமண்ணால் அடைத்து, சீமெந்தை ஊற்றினார். டொக்டருக்கு இரண்டும் கைக்காவலுக்கு ஒன்றுமாக மூன்று சிங்கங்கள் வந்தன. வெட்டு வழியே கன்னத்தில் ஒரு தடித்த கோடு. அடைத்த இடத்தில், மூக்கின் மேல் ஒரு பரு.

"நான் டொக்டரிட்டை நடந்ததைச் சொல்லுறன் அண்ணை."

"வாயைத் திறக்காதை. பேந்து ஊரெல்லாம் பிள்ளையைச் சிங்கம் எண்டு கூப்பிடும்."

டொக்டர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்ன சார் இது, சிங்கத்துக்கு மூக்குல பரு?"

"வயசுக்கு வந்த சிங்கம், டொக்டர்."

"விளையாடாதீங்க சார். நான் தோல் டாக்டர். என் வீட்டு வாசல்லயே பருவோட நின்னா யாரு என்கிட்ட வைத்தியத்துக்கு வருவா?"

"வாறவை என்ன நினைப்பினம்? இந்த டொக்டர் வேலையை வீட்டுக்குக் கொண்டுவாறதில்லை எண்டு நினைப்பினம்."

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கன்னத்துல அந்தக் கோடு?"

"சண்டை பிடிச்சது."

"யாரு கூட?"

"அதை மட்டும் கேக்காதையுங்கோ. சிங்கம்தான் தோத்தது."

டொக்டர் தன் இரண்டையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அவருடைய வாசலைப் பார்த்து, பக்கத்து ஊரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்தும் ஆட்கள் சிங்கம் கேட்டு வந்தார்கள். வெட்டிய அச்சு அதற்குமேல் தாங்காது. மிஞ்சிய சீமெந்துச் சிங்கம் ஒன்றை வைத்துப் புது அச்சு எடுக்க அண்ணை ஆயத்தமானார். நான் ஓர் அரத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அந்தப் பருவைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணற்றுக் குரல் கேட்டது.

"அச்சூற்ற முதல் இதைத் தேய்ச்சு விடுவம் அண்ணை. ஒரு நிமிச வேலை."

அவர் அரத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தன் பின்பக்கப் பைக்குள் வைத்தார்.

"அது பிள்ளை மூச்சு விட்ட இடமடா தம்பி. அதில நான் கை வைக்கமாட்டன்."

றப்பர் ஒட்டாமல் இருக்க அடிக்கும் மருந்தை நான் எடுத்து, அந்தப் பரு உட்பட, சிங்கத்தின் முகம் முழுவதும் அவருக்காக அடித்துக் கொடுத்தேன்.