லேம்ப் ரூம் வீட்டு வெள்ளை ரோஜா

சினிமாக் கொட்டகைக்காரர்களை விட்டால், படம் பார்க்க வருகிறவர்களை இருட்டில் உட்கார வைப்பவர் உலகத்திலேயே எங்கள் ஊரிகம் தங்கச் சுரங்க லைன் வீடுகளில் இருக்கும் 'லேம்ப் ரூம்' ஒருவர்தான். சுரங்கம் மூடும்வரை, ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்குத் தலையில் மாட்டும் லேம்ப் எடுத்துக் கொடுத்தவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே சந்தேகம்.

அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது, ஏதோ பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்த, கண்ணாடி போட்ட பழைய ஓவியப் படம். ஒரு ஜாடி, அதில் பூ என்று அவர் சொல்லுவார். எங்களுக்குத் தெரிந்தது கறுப்பு மட்டும்தான். டியூப் லைட் போட்டால் கண்ணாடியில் நம் மூஞ்சிதான் தெரியும். அதனால் ஜன்னலைச் சாத்தி, ஜீரோ வாட்ஸ் பல்பை எரியவிட்டு, நம்மை ஸ்டூலில் உட்கார்த்திவிடுவார்.

"ஒண்ணும் தெர்லியேண்ணா" என்றால், "கேஜுல சுரங்கத்துக்குள்ள எறங்கினதும் மட்டும் இன்னா தெரிஞ்சிது? கண்ணு பழகட்டும், கம்முனு இரு" என்பார்.

மீட்டர் பார்க்க வந்தவர் ஓடியே போனார். பாஸ்டர் மட்டும் நீளமாக ஜெபம் பண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்து, "ரோஜா" என்றார். அதைக் கர்த்தரின் கிருபை என்று நினைத்துக்கொண்டார்.

மகள் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்தார்கள். பையனை அவளுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. இருவரும் ஒரே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். "இன்னிக்கு ஒரு நாள் டியூப் லைட்டு எரியட்டும்பா" என்று கெஞ்சியிருந்தாள். சரி என்றார். காபி முடிவதற்குள் பையனின் மாமா, "இன்னா சார், செவுத்துல கறுப்பா ஒண்ணு மாட்டிக்கீறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். டியூப் லைட் அணைந்தது. ஸ்டெல்லா சமையலறைக்குப் போய் அழுதாள்.

மாமா கோபித்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் பின்னாலேயே வாசலுக்குப் போய்விட்டார்கள். முட்டி வலியால் சட்டென்று எழ முடியாத பையனின் அம்மா மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டார். கைகொடுத்துத் தூக்க மகன் வருவதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. வந்தவன் கையைத் தட்டிவிட்டார்.

"இருடா. வெள்ளை ரோஜா கீது. ஒரு எதழு கீழ வேற விழுந்துகீது." இன்னும் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "இப்பதான் விழுந்த மாதிரி கீதுங்க சம்பந்தி" என்றார்.

ஸ்டெல்லாவின் அழுகை அந்தச் 'சம்பந்தி'யில் நின்றது.

கல்யாணத்துக்கு அந்தப் படத்தையே சீராகக் கொடுத்துவிட்டார் லேம்ப் ரூம். போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. ஆணி மட்டும் இருந்த சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு பழகட்டும்" என்றார்.

லைட்டைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.